நீலம் விழுந்த இடங்கள்

குளிர்காற்றுக் குழாய் தம்பியின் வலது தோளை மட்டும்தான் ஊதிக்கொண்டிருந்தது. ஆனால் திரையில் அவன் இடது விலாவிலும் ஒரு நீலம் விழுந்திருந்தது.

அக்கா குனிந்து அந்த இடத்தைப் பார்த்தாள். வெறும் கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. வெப்பக் கேமராவுக்கோ உடம்பு என்பது நிறம்தான். சூடு இருந்தால் சிவப்பு, குளிர்ந்தால் நீலம். தோள் பதின்மூன்று டிகிரியில் இருந்தது. பத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் இந்தச் சிகிச்சை நிலையத்தில் அவள் வேலை. விலாவின் மேல் சுட்டியை நகர்த்தினாள்.

ஆறு.

"யாராவது தொட்டாங்களாடா உன்னை?"

"நீதான் காலைலேர்ந்து போட்டுப் பிசையறே. உன் கையைவிட அந்தக் குழாய் தேவலாம்."

சிரித்தான். குத்துச்சண்டைக்காரனின் பெரிய உடம்பு சிரிப்பில் குலுங்கியது. தோள் அசையாமலிருக்க அவள் இறுக்கியிருந்த பட்டை கிறீச்சிட்டது. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சன்னலுக்கு வெளியே உச்சிவெயில் கொளுத்த, உள்ளே இயந்திரத்தின் ஒரே சீரான முனகலும், தைல நெடியும், குழாய் வாயிலிருந்து வழிந்து கட்டிலுக்கடியில் தவழ்ந்து அவள் கணுக்கால்களைத் தேடிவந்து சுற்றிக்கொண்ட வெண்புகையுமாக அந்த அறை தனியே ஒரு பருவத்தில் கிடந்தது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சா?" என்றான்.

"வந்துச்சு. விடியக்காலைல போயிட்டானாம்."

நெட்டையன். போன மாதம் இறுதிச் சுற்றில் தம்பியிடம் அடிவாங்கி விழுந்தவன், கண்ணையே திறக்கவில்லை.

அவள் குழாயின் வாயைச் சரிசெய்தாள்.

"நான் அடிச்சேன், அவன் விழுந்தான். அதானே ஆட்டம்?"

"வாயை மூடு."

அது ஆட்டமில்லை என்பது இரண்டு பேருக்குத்தான் தெரியும். கையுறைக்குள் தம்பிக்குத் துணி சுற்றிவிட்டவள் அவள். நடு அடுக்கில், எலும்பு முறிவுக் கட்டுக்குப் போடும் மாவை ஒரு பிடி தூவியிருந்தாள். வியர்வை பட்டால் அது கல்லாகிவிடும். "ஒரே ஒரு தடவைக்கா" என்று அவன் கெஞ்சியிருந்தான். அன்றைக்கே அந்தத் துணியை எரித்துவிட்டாள்.

திரையில் இரண்டாவது நீலம். முதலாவதற்குச் சற்றுக் கீழே.

"ஆ... என்னக்கா, சுருக்குனு குத்துது?"

அவள் படத்தைப் பெரிதாக்கினாள். நான்கு விரல்முட்டிகளின் அச்சு. அதன்மேல் துணியின் இழை. விரலிடுக்குகளில் குறுக்கே ஓடும் இரட்டைப் பின்னல். எல்லாரும் ஒற்றையாகத்தான் போடுவார்கள். தம்பியின் முட்டி பெயராமலிருக்க இரட்டையாகப் போடுகிறவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

அந்த இறுதிச் சுற்றின் வீடியோவை அவள் எத்தனை முறை பார்த்திருக்கிறாள்! வரிசை மனப்பாடம். விலா, விலா, ஈரல், தாடை. பிறகு நெற்றிப்பொட்டில் இரண்டு.

ஈரல்.

இந்த முறை சத்தமும் கேட்டது. ஈரமூட்டையைச் சுவரில் அறைந்ததுபோல. தம்பியின் உடம்பு பட்டைக்குள் வில்லாக வளைந்தது. விலா எலும்பு ஒன்று தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. திரையில் சூடான ரத்தம் சிவப்பாகப் பீறிட்டுக் கட்டிலில் பரவியது.

"அக்கா! அவிழ்த்துவிடு! அவிழ்த்துவிடுக்கா!"

பாய்ந்தாள். பட்டையைப் பிடித்தாள். விரல்கள் மரத்திருந்தன. நழுவின.

தாடை.

பற்கள் தரையில் சிதறின. அவன் முகத்தின் கீழ்ப்பாதி ஒரு பக்கமாகத் தொங்கியது. கண் மட்டும் அவளையே பார்த்தது.

அடுத்தது பொட்டு.

இரண்டு கைகளாலும் அவன் தலையைப் பொத்திக்கொண்டாள். "அவனை விட்டுடு, அவன் இல்ல, நான்தான் சுத்தினேன், நான்தான்..."

இடி விழுந்தது. அவள் உள்ளங்கைக்கு அடியிலேயே. எலும்பு உள்வாங்கியதை விரல்கள் உணர்ந்தன.

பிறகு அமைதி. இயந்திரத்தின் முனகல். மெல்லிய மூச்சு. தம்பியின் மூச்சு. இன்னும் இருந்தது.

ஒன்று பாக்கி.

தலையை நிமிர்த்தித் திரையைப் பார்த்தாள். நீலம் எங்கே விழப்போகிறது என்று தேடினாள். எங்கும் விழவில்லை. திரையில் தம்பி சிவப்பாகக் கிடந்தான். அவன்மேல் சிவப்பாக அவள் குனிந்திருந்தாள். அவள் மணிக்கட்டுக்குக் கீழே மட்டும் சிவப்பு இல்லை.

கருநீலம். மூன்று சுற்றுத் துணி மணிக்கட்டில். விரலிடுக்குகளில் இரட்டைப் பின்னல்.

அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. கல்லாக இறுகின. அவள் மடக்கவில்லை.

"அக்கா," என்றது உடைந்த வாய். "வேணாங்க்கா."

கை உயர்ந்தது.