நாக்கில் ஒட்டிய எலும்பு

காலையில் காய்ந்திருந்த தாள் சாயங்காலம் நனைந்திருந்தது. மூன்று நாளாக இதே கதை.

சமையலறை மேடையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் பழைய நாளிதழை விரித்து, புதன்கிழமை லீவில் காப்பார் கடற்கரைச் சேற்றில் பொறுக்கியவற்றை மகள் ஷாமினி காய வைத்திருந்தாள். சிப்பிகள், கல்லாய் இறுகிப்போன ஒரு நண்டு, வெள்ளை வெள்ளையாய் விரல் நீளத் துண்டுகள். குழாய் ஒழுகவில்லை, கூரையும் ஒழுகவில்லை. முகுந்தன் ஸ்டூல் போட்டு ஏறியே பார்த்துவிட்டான். வியாழன் மூன்று மணிக்கு நனைந்தது, வெள்ளி நாலு ஆகப் போகும்போது, நேற்று அதையும் தாண்டி. தட்டிலிருந்து கிளம்பிய வாடைதான் அவனைப் பிடுங்கித் தின்றது. தண்ணீர் வற்றிய கரையின் உப்பும் அழுகலும் கலந்த அந்தச் சேற்று வாடை, அடுப்பில் சாம்பார் கொதிக்கும்போதும் அதற்கு மேலே வந்து நின்றது.

ஆனாலும் அவன் வாயைத் திறக்கவில்லை. மனைவி வாணி செத்துப் பதினோரு மாதமாகிறது. அத்தனை நாளும் மகள் பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்குப் போவாள், வருவாள், அறைக்கதவைச் சாத்திக்கொள்வாள். ரியாஸ் என்ற பள்ளிக்கூட வாத்தியார், புதைபடிவம் தேடக் கற்றுக்கொள்கிறவர்களுக்காக நடத்தும் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த பிறகுதான் அவள் முகம் தெளிந்தது. இப்போது அப்பா அப்பா என்று பின்னாலேயே வருகிறாள். வாணியின் அண்ணன் காரியம் முடிந்த கையோடு பேச்சை நிறுத்திவிட்டான். உலகத்தில் முகுந்தனை நல்லவன் என்று நம்ப மிச்சமிருந்தது இந்தப் பெண் ஒருத்திதான். அவளையும் இழந்தால் இந்த வீட்டில் அவன் தனியாகத்தான் சாக வேண்டும்.

"அப்பா, இங்க வாங்க. டெஸ்ட் பண்ணப் போறேன்."

ஞாயிறு மாலை. வெளியே மழை கொட்டியது. ஷாமினி ஊசி ஒன்றை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, ஒரு வெள்ளைத் துண்டின் மேல் அழுத்தினாள்.

"முடி கருகுற வாடை வந்தா புது எலும்பு. வரலைன்னா ஃபாசில். ரியாஸ் சார் சொன்னாரு. மோந்து பாருங்கப்பா."

குனிந்து மோந்தான். ஒன்றும் வரவில்லை.

"இன்னொரு டெஸ்ட் இருக்கு." துண்டை நாக்கு நுனியில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள். அது விழவில்லை. நாக்கிலேயே தொங்கியது. சிரித்துக்கொண்டே பிய்த்தெடுத்தாள். "ஒட்டுது லா! கன்ஃபர்ம் ஃபாசில்!"

"கீழ போடும்மா. அசிங்கம்."

"கழுவிட்டேன்பா. எங்க கிடைச்சது தெரியுமா? பழைய படகு ஜெட்டிக்குப் பக்கத்துல, அந்தப் பாக்காவ் மரத்துக்கு அடியில. எல்லாமே ஒரே இடத்துல."

முகுந்தனுக்கு அந்த மரம் தெரியும்.

முடி கருகும் வாடை எங்கிருந்து வரும்? கருக வேண்டியதெல்லாம் மின்சுடலையிலேயே கருகிவிட்டது. வெந்த எலும்பில் வாடை இருக்காது. ஈரத்தைக் கண்டால் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். கற்றுக்குட்டிகளுக்கு அது எப்படித் தெரியும்? அன்றைக்கு வாணியின் அஸ்திச் சட்டியை அவன் கையில் கொடுத்து, படகில் போய்க் கடலில் கரைத்துவிட்டு வரச் சொன்னார்கள். "தண்ணி ஏறட்டும் அண்ணே, ஒரு மணி நேரம் பொறுங்க" என்றார் படகுக்காரர். வாணிக்காக ஒரு நாளும் காத்திருந்து பழக்கமில்லாதவன், ஜெட்டிக்குப் பக்கவாட்டில் இறங்கி, சொட்டுத் தண்ணீர் இல்லாத சேற்றில் சட்டியைக் கவிழ்த்தான். செருப்புக் காலால் மிதித்து அமுக்கினான். வீட்டுக்கு வந்து, நடுக்கடலில் கரைத்தேன், அலை அழகாக வாங்கிக்கொண்டது என்றான். அதைக் கேட்டு ஷாமினி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"இதாம்பா பெரிய பீஸ்." முஷ்டி அளவு சேற்றுக்கட்டி ஒன்றைக் காட்டினாள். "உள்ள என்னவோ இருக்கு. ஆறு மணிக்கு ரியாஸ் சார் வீடியோ கால்ல பாக்குறேன்னாரு. கடைக்குப் போயி டூத்பிரஷ் வாங்கிட்டு வரேன். தொடாதீங்க, ஆமா."

கேட் சாத்தும் சத்தம் கேட்டதும் தொட்டான்.

குழாயடியில் சேறு கரைந்து கரைந்து போயிற்று. முதலில் வெள்ளையாய் எலும்பு. பிறகு பளபளப்பு. விரல் நீளத்துக்கு ஒரு எஃகுத் தகடு, அதில் ஸ்க்ரூ. எண்ணினான். ஏழு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், இதே சமையலறையில், இதே இடத்தில் நின்றுதான் வாணியின் மணிக்கட்டை முறுக்கினான். டக் என்று ஒரு சத்தம். அவள் கத்தக்கூட இல்லை. டாக்டரிடமும் அண்ணனிடமும் மகளிடமும் ஒரே பேச்சுதான்: பாத்ரூம்ல வழுக்கிட்டேன். ஆபரேஷனில் தகடு வைத்த பிறகு எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஏழு ஸ்க்ரூம்மா என்று எண்ணிச் சொன்னவள் ஷாமினி.

இதை அவள் பார்க்கக் கூடாது. பின்வாசல் லோங்காங் சாக்கடையில் மழைத் தண்ணீர் கரைபுரண்டு ஓடுகிறது. எல்லாவற்றையும் அள்ளிப் போட்டுவிட்டால் அடித்துக்கொண்டு போய்விடும். தட்டைத் தூக்கத் திரும்பினான்.

தாள் நனைந்துகொண்டிருந்தது. அவன் கண்ணெதிரே, அடியிலிருந்து ஊறி, தட்டு நிறைந்து, விளிம்பு தாண்டி, மேடையில் வழிந்து தரையில் சொட்டியது. குளிர்பெட்டிக் கதவில் மகள் ஒட்டியிருந்த அலை அட்டவணையைப் பார்த்தான். காப்பார் கரையில் தண்ணீர் ஏறும் நேரம். வியாழன் 3.05. வெள்ளி 3.50. சனி 4.40. ஞாயிறு 5.25.

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து இருபத்தைந்து.

அன்றைக்கு அவன் காத்திருக்காத தண்ணீர் இன்றைக்கு அவனைத் தேடி வந்துவிட்டது.

தகட்டோடு இருந்த எலும்பை முதலில் எறிந்துவிடலாம் என்று இடக்கையை உதறினான். விழவில்லை. மறுபடி உதறினான். உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு, தோலின் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சியது.

கிளிங்.

பீங்கான் கிண்ணம் இடிபடுவது போன்ற சத்தம். தட்டில் ஒரு துண்டு நகர்ந்தது. இன்னொன்று. நனைந்த தாளின் மேல், மெதுவாக, அவன் பக்கமாக.

ஓட நினைத்தான். கால் வரவில்லை.

முதல் துண்டு மணிக்கட்டில் ஏறியது. சில்லென்று. அடுத்தது. அதற்கடுத்தது. நான்கு மேலே. ஒன்று கீழே.

பிடித்தது.

முறுக்கியது.

டக்.

அதே சத்தம்.

அவன் கத்தவில்லை. கத்த வரவில்லை.

"அப்பா! தரையெல்லாம் ஏன் தண்ணி?" ஷாமினி வாசலில் நின்றாள், கையில் டூத்பிரஷ். தொங்கிப்போன அவன் கையைப் பார்த்தாள். உள்ளங்கையில் இருந்த தகட்டைப் பார்த்தாள். அவள் உதடுகள் அசைந்தன. ஒன்று, இரண்டு என்று. ஏழில் நின்றன. பிறகு நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அப்பா என்று யாரும் இல்லை.

"கைக்கு என்னாச்சு?"

உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"பாத்ரூம்ல வழுக்கிட்டேன்மா."

மணிக்கட்டில் ஐந்து வெள்ளை விரல்களும் விடவில்லை. தட்டில் மிச்சமிருந்த துண்டுகள் அவன் வலக்கைப் பக்கமாக நகரத் தொடங்கின.