தலைகுனிந்த எழுத்துகள்

அந்த ஒரு வரியைப் பிராமி சிரித்துக்கொண்டேதான் தட்டினாள்.

"காய்ச்சல். நாளைக்குக் கபடிக்கு வர மாட்டேன்" என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் கலைப்பிரியா போட்டிருந்தாள். அதற்குப் பிராமியின் பதில்: "அப்பாடா! அப்ப ஜெயிச்சுடுவோம்."

அணியிலேயே நன்றாக ஆடுபவள் கலைப்பிரியாதான். அதனால் இது கேலி என்று அவளுக்கும் புரியும் என்று பிராமி நினைத்தாள். பதினேழு பேர் சிரிப்பு முகம் போட்டார்கள். கலைப்பிரியா எதுவும் போடவில்லை.

மறுநாள் அணி தோற்றது. அதற்கும் மறுநாள் விளையாட்டு டீச்சர், "கலைப்பிரியா டீமை விட்டு விலகிட்டாளாம். ஏன்னு யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார்.

பிராமிக்குக் காது சுட்டது. குனிந்து ஷூ லேஸைக் கட்டினாள். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது.

மாலையில் திண்டிவனம் கடைத்தெருவில் இருந்த அப்பாவின் பேனர் கடைக்குப் போனாள். அவர் போனை வாங்கி, "சும்மா சொன்னேன்" என்று தட்டினாள். படித்துப் பார்த்தால் திமிராகத் தெரிந்தது. அழித்துவிட்டு, "சாரி" என்று கலைப்பிரியாவுக்கு அனுப்பினாள்.

"பரவால்ல" என்று பதில் வந்தது.

இது நிஜமான பரவால்லயா, கோபமான பரவால்லயா? கண்டுபிடிக்க முடியவில்லை. போனில் எல்லா எழுத்தும் ஒரே மாதிரி நின்றன.

"அப்பா, தப்பு பண்ணிட்டு நிக்கிற மாதிரி ஃபான்ட் இருக்கா?"

"கல்யாணத்துக்கு இருக்கு. கட்சிக்கு இருக்கு. கண்ணீர் அஞ்சலிக்குக்கூட இருக்கு. தப்பு பண்ணதுக்கு யாரும் பேனர் வைக்கிறதில்லியேம்மா!"

பிராமி கட்டம் போட்ட நோட்டை எடுத்துத் தானே வரைய உட்கார்ந்தாள். முதலில் கேலி எழுத்து. அது நாக்கை நீட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் ஆடியது. அடுத்ததுதான் கஷ்டம். முதலில் வரைந்த 'த' தூங்குவதுபோல் இருந்தது. அழித்து அழித்துத் தாளே ஓட்டையானது. கடைசியில் எழுத்துகள் தலைகுனிந்தன. மேலே இருக்க வேண்டிய புள்ளிகள் நழுவிக் கீழே கிடந்தன.

சனிக்கிழமை அப்பாவின் பைக்கில் ஒலக்கூருக்குப் போனாள். கலைப்பிரியா கதவைத் திறந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் பிராமி தாளை நீட்டினாள். மேலே, கேலி எழுத்தில் அந்தப் பழைய வரி. கீழே, குனிந்த எழுத்தில்: "தப்பு என்மேலதான். நீ இல்லாமதான் தோத்தோம்."

"இதென்ன, எழுத்தெல்லாம் தலையத் தொங்கப் போட்டுக்கினு நிக்குது?"

"அது நான்தான்."

கலைப்பிரியா சிரிக்கவில்லை. "காய்ச்சல்ல படுத்துக்கினு, அந்தப் பதினேழு சிரிப்பையும் எண்ணிக்கினு இருந்தேன், தெரியுமா?"

பிராமி திரும்பினாள். வாசலில் நின்ற அப்பாவிடம் போனை வாங்கினாள். தாளைப் படமெடுத்து, வகுப்புக் குழுவிலேயே போட்டாள். இந்த முறை யாரும் சிரிப்பு முகம் போடவில்லை.

"திங்கக்கிழமை ஆட வர்றேன்" என்றாள் கலைப்பிரியா. "ஆனா கோவம் இன்னும் போகல. அதுக்கு உங்கிட்ட எழுத்து இல்லியே?"

உள்ளே போய்ப் பென்சில் எடுத்து வந்தாள். தாளின் பின்பக்கம் 'போடி' என்று வரைந்தாள். எழுத்து முழுக்க முள்.

பிராமி எட்டிப் பார்த்தாள்.

"இன்னும் நாலு முள்ளு போடு" என்றாள். "எனக்கு அவ்ளோ வேணும்."