பத்து முதல் பன்னிரண்டு வரை

காலை பதினொன்று இருபதுக்கு அவளுடைய செல்போன் அடித்தது.

தையல் மெஷின்களின் இரைச்சலில் முதல் தடவை காதில் விழவில்லை. இரண்டாவது தடவை பக்கத்து மெஷின்காரி தோளைத் தட்டினாள்.

கொழுந்தன்!

"அண்ணி... அண்ணன் மூச்சு விடல... சீக்கிரம் வாங்க..."

பாதி தைத்த காலரை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள்.

இரண்டு வருடமாக அவள் புருஷன் படுக்கையில்தான். பெயின்ட் கம்பெனி வேலை நுரையீரலைத் தின்றுவிட்டது. தலைமாட்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷின்தான் இரவும் பகலும் அவனுக்கு மூச்சு.

அந்த மெஷினுக்குக் கரெண்ட் வேண்டும்.

வீட்டில் தினமும் பத்து முதல் பன்னிரண்டு வரை கட். ஃபேக்டரியில் பன்னிரண்டு முதல் இரண்டு வரை. தன் இடத்தில் கரெண்ட் போனதும் வீட்டுக்கு ஓடி வருவாள், சோறு ஊட்டுவாள், உடம்பு துடைத்துவிடுவாள், திரும்ப ஓடுவாள். வீட்டில் கரெண்ட் இல்லாத அந்த இரண்டு மணி நேரத்தை இன்வர்ட்டரையும் கொழுந்தனையும் நம்பித்தான் விட்டிருந்தாள். அவன் பக்கத்து ரூமில் உட்கார்ந்து ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை பார்ப்பவன். இன்வர்ட்டர் படுத்துவிட்டால் கட்டில் ஓரம் சிலிண்டர் தயாராக இருக்கிறது. குழாயை மாற்றிச் சாவியைத் திருகினால் போதும்.

பஸ் பிடித்து அவள் வந்து சேர்ந்தபோது வீட்டு வாசலில் போலீஸ் ஜீப் நின்றது.

படியில் உட்கார்ந்திருந்த டாக்டர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எழுந்து வழிவிட்டார். அவளுக்குப் புரிந்துவிட்டது.

உள்ளே இன்ஸ்பெக்டர் ஒரு பழைய பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார். டாக்டர்தான் போலீசைக் கூப்பிட்டாராம். இன்வர்ட்டர் தீர்ந்து போயிருக்கிறது, சரி. சிலிண்டரின் சீல்கூட உடையவில்லை, அதுவும் சரி.

"ஆனா மெஷின் சுவிட்சை யாரோ கையால ஆஃப் பண்ணியிருக்காங்க. ஏம்மா, கரெண்ட் போனா இந்த மெஷின் சும்மா இருக்குமா?"

"இல்ல சார். கத்தும். சுவிட்சை ஆஃப் பண்ணாத்தான் நிக்கும்."

மூலையில் கொழுந்தன் உடைந்து போய் நின்றிருந்தான். காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருந்தானாம். எதுவும் கேட்கவில்லையாம். முடித்துவிட்டு வந்து பார்த்தால் அண்ணன் அசையவில்லையாம்.

"அப்ப சுவிட்சை யார் தொட்டது?"

கொழுந்தன் தயங்கினான். பிறகு மெல்லச் சொன்னான்.

"அண்ணனேதான் சார் தொட்டிருக்கணும்... ரொம்ப வெறுத்துப் போயிருந்தார்."

அவள் கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள்.

இருக்கலாம். போன வாரம்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, என்னால நீ பட்டதெல்லாம் போதும் என்றிருந்தான். அவளும் ஆறுதல் சொல்லவில்லை. அசதியில் அப்படியே தூங்கிப் போயிருந்தாள். ஒரு வார்த்தை பேசியிருந்தால்...

இன்ஸ்பெக்டர் நோட்டை மூடினார்.

"தற்கொலைன்னு எழுதிக்கறேன். கையெழுத்துப் போடும்மா."

அப்போதுதான் மேஜை மேல் கொழுந்தனின் செல்போன் அதிர்ந்தது. மேனேஜர்!

அவன் பாய்ந்தான். இன்ஸ்பெக்டரின் கை முந்திக்கொண்டது. பெயரும் பதவியும் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டார்.

மேனேஜர் பதறிப் போனார். என்ன ஏதென்று விசாரித்தார். பிறகு அவராகவே சொன்னார்:

"நான்கூட நினைச்சேன் சார். பத்தரை இருக்கும், அவர் வீட்டுல ஏதோ பீப் பீப்னு கத்திட்டே இருந்துச்சு. ஒருத்தர் பேசறது ஒருத்தருக்குக் கேக்கல. என்னங்க அது, நிறுத்துங்கன்னேன். எந்திரிச்சுப் போனார்... அரை நிமிஷத்துல நின்னுடுச்சு. திரும்ப வந்து உக்காந்துட்டார்."



கொழுந்தன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

வேலையில் கடைசி எச்சரிக்கை வந்திருந்தது. கரெண்ட் கட்டைச் சொல்லி இன்னொரு தடவை மீட்டிங்கை விட்டால் வேலை இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். லேப்டாப்புக்கும் ஃபேனுக்கும் அவன் அதே இன்வர்ட்டரில் இருந்து ஒயர் இழுத்திருந்தான். இரண்டு மணி நேரம் தாங்க வேண்டியது அரை மணியில் தீர்ந்தது. லேப்டாப் தன் சொந்த பேட்டரியில் ஓடியது. அண்ணனுக்கு அப்படி ஒன்று இல்லை.

"சிலிண்டர் மாட்ட அஞ்சு நிமிஷம் ஆகும் அண்ணி... அடுத்து நான்தான் பேசணும். ரெண்டே நிமிஷம், பேசிட்டு ஓடி வந்துடறேன்னு சொல்லிட்டுத்தான் ஆஃப் பண்ணேன். கேள்வி மேல கேள்வி கேட்டாங்க... அம்பது நிமிஷம் ஆயிடுச்சு."

அவள் அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அவர் என்ன சொன்னார்?"

"சரி, போயிட்டு வான்னு... கையைக் காட்டினார்."

இன்ஸ்பெக்டர் அவன் தோளைப் பிடித்து எழுப்பினார். செல்போனில் மேனேஜர் இன்னும் இணைப்பில்தான் இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சார்... தப்பா நினைக்காதீங்க. ரெண்டு மணிக்கு ஒரு மீட்டிங் இருக்கு. அதுக்குள்ள அங்க கரெண்ட் வந்துடுமா?"

"இங்க எப்படியோ தெரியாது சார். இவர் இப்ப போற இடத்துல ஜெனரேட்டர் இருக்கு."