குடும்பம் குறித்த விசாரணை

"இந்த வீட்டுல இருந்துக்கிட்டே இந்த வீட்டு மேலயே புகார் குடுத்திருக்கீங்களே... உங்களுக்கு எப்படி அண்ணி மனசு வந்துச்சு?"

கொழுந்தன் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் வீசினான். அண்ணி மதியச் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும் மூடி. அன்றைக்கென்று இரண்டு பக்கமும் எழும்பியது.

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். அப்பா கூப்பிடுவதைக் கேட்டே வளர்ந்த கொழுந்தனின் மகள் வாண்டுவும், பெரியம்மா என்று சொல்லாமல் அண்ணி என்றே பழகிவிட்டாள். வாண்டுவுக்கு எட்டு வயது. அண்ணி வேலை பார்த்த சர்வதேசப் பள்ளியில்தான் அவளும் படித்தாள். ஆங்கிலத்திலும் தமிழிலும் பாடம் நடக்கும் பள்ளி அது. வாண்டுவின் வகுப்பில் ஆங்கிலத்துக்கு ஓர் ஆசிரியை. தமிழுக்கு உதவி ஆசிரியையாக அண்ணி. அதனால் வகுப்பு முழுவதுக்கும் அவள் 'அண்ணி டீச்சர்' ஆகிப்போனாள்.

பள்ளியிலிருந்து வந்த அந்தக் கடிதத்தில் இப்படி இருந்தது: 'உங்கள் குடும்பம் குறித்த விசாரணை இவ்வாரம் தொடங்குகிறது. குடும்ப உறுப்பினர்கள் அனைவரும் உண்மையான தகவல்களை அளித்து ஒத்துழைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

"தம்பி, அது போலீஸ் விசாரணை மாதிரி இல்ல. பிள்ளைங்களே கேள்வி கேட்டுக் கத்துக்கிறது. வீட்டுல யார் யார் என்ன வேலை செய்யறாங்கன்னு..."

"கதை விடாதீங்க. ஒத்துழைக்கணும்னு போட்டிருக்கு. உண்மையைச் சொல்லணும்னு போட்டிருக்கு. ஏசி ரிப்பேர் பண்றவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாதுன்னு நினைச்சீங்களா?"

அவன் எதற்காகப் பயப்படுகிறான் என்று அண்ணிக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை அவன் வாண்டுவுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தான். ஏழெட்டு ஐம்பத்தாறு என்றான். ஏன் என்று கேட்டாள் வாண்டு. ஐம்பத்தாறுன்னா ஐம்பத்தாறுதான் என்றான். அவள் மறுபடியும் ஏன் என்று கேட்டாள். மூன்றாவது முறை கேட்டபோது ஸ்டீல் ஸ்கேலால் முழங்கைக்கு மேல் ஒரு அடி விழுந்தது. அண்ணி சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பிள்ளையை அணைத்துக்கொண்டாள். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் அடிச்சதை ஸ்கூல்ல போட்டுக் குடுத்துட்டீங்க. அதான் விசாரணை வருது."

"அப்பா," என்றாள் வாண்டு, ஒரு காலில் மட்டும் ஷூ மாட்டிக்கொண்டு. "அண்ணி சொன்னதை நீங்க பார்த்தீங்களா, நினைச்சீங்களா?"

வகுப்புச் சுவரில் இரண்டு பத்திகள் வரைந்திருக்கும். ஒன்றில் 'பார்த்தது', இன்னொன்றில் 'நினைத்தது'. எறும்பைப் பற்றியானாலும் மழையைப் பற்றியானாலும் பிள்ளைகள் அதில் பிரித்துத்தான் எழுத வேண்டும். தமிழில் அதைச் சொல்லிக்கொடுத்தவள் அண்ணி.

"பாத்தீங்களா, இதைத்தான் கத்துக் குடுக்கறாங்க. பெத்தவனையே குறுக்கு விசாரணை பண்ணச் சொல்லி."

பாத்திரத் தொட்டியருகே நின்ற சின்னவள், கொழுந்தனின் மனைவி, முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா... நானே அவர்கிட்டப் பேசியிருப்பேனே..."

அவளும் நம்பிவிட்டாள். அண்ணி கணவனைப் பார்த்தாள். பஸ் டிப்போவில் நேரம் குறிக்கிற மனிதர். ஷூவுக்கு நாடா கட்டுவதில் கவனமாக இருந்தார்.

"ஏங்க... நீங்களாவது சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்ல? வேலையை விட்டுடேன். காலையில எந்திரிச்சா வீட்டுல ஒரே சத்தம்."

அவள் டப்பாவைப் பையில் வைத்தாள். இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், ஆசிரியர் பயிற்சியின் கடைசிப் பருவத்தில் இருந்தபோது மாமியார் இறந்தார். வீட்டில் பன்னிரண்டு வயதுக் கொழுந்தன். அவனுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டும் என்று படிப்பை நிறுத்தியவள் அவள். அதனால்தான் இன்றைக்கும் உதவி ஆசிரியை. இதை ஒரு நாளும் யாரிடமும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லாததால் அவர்கள் மறந்தே போயிருந்தார்கள்.

"பத்து மணிக்கு அங்க வர்றேன்," என்றான் கொழுந்தன். "பிள்ளைக்கு டிசி வாங்கப் போறேன். உங்க வேலைக்கும் ஒரு முடிவு கட்டிட்டுத்தான் வருவேன்."

பஸ்ஸில் வாண்டு அவள் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அண்ணிக்கு உள்ளே எரிந்தது. 'விசாரணைன்னு போடாதீங்க மேடம், கூண்டுல ஏத்தற மாதிரி இருக்கு, தேடல்னு போடுங்க' என்று பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் இரண்டு முறை சொன்னவள் அவள். 'என்கொயரிக்கு அகராதியில அப்படித்தான் இருக்கு, அச்சுக்கும் போயிடுச்சு' என்றார் அந்த அம்மா. பள்ளியில் அவள் வாய்க்கு மதிப்பில்லை. வீட்டில் அவள் திறக்காத வாய்க்குத் தண்டனை.

அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை வகுப்பாசிரியை, "வாண்டு கையில என்ன தடிப்பு?" என்று கேட்டபோது, கதவில் இடித்துக்கொண்டாள் என்று சொல்லியிருந்தாள் அண்ணி. அவனைக் காப்பாற்றத்தான் அந்தப் பொய். அதை வீட்டில் சொன்னால் அவள் ஜெயிப்பாள். ஆனால் வாண்டுவை எதிரில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல நா கூசியது.

பத்து மணிக்குப் பள்ளி அலுவலக வாசலில் பெற்றோர் வரிசை நின்றது. மளிகைக்கடைக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் உறையோடு வந்திருந்தார். "கல்யாணச் சான்றிதழ் அசல் வேணுமா, நகல் போதுமாங்க?" ஒரு பெண் மாமியாரைக் கையோடு கூட்டி வந்திருந்தாள். "எங்க வீட்டுல விசாரிக்கணும்னா இவங்களைத்தான் விசாரிக்கணும்." மாமியார், "கேளுங்க, நானும் சொல்றேன்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பின்னாளில் இந்த இடத்தைச் சொல்லும்போதெல்லாம் அண்ணி கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். இன்றைக்கு அதைச் சொல்ல அவள் உயிரோடு இல்லை.

ஒருங்கிணைப்பாளர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார். "அண்ணி டீச்சர், நீங்களே கொஞ்சம் விளக்கிச் சொல்லிடுங்களேன்..."

அவள் சொன்னாள். "உங்க யார் மேலயும் புகார் இல்லங்க. இது பாடம். பிள்ளைங்க கேட்பாங்க, நீங்க பதில் சொல்லணும். அவ்வளவுதான். வார்த்தை தப்பாப் போயிடுச்சு."

வரிசையின் கடைசியில் நின்ற கொழுந்தனின் முகம் தொங்கிப்போனது. கூட்டம் கலைந்த பிறகு வகுப்பு வாசலுக்கு வந்தான். வகுப்பாசிரியை வெளியே வந்தார். பின்னாலேயே பென்சிலும் கையுமாக வாண்டு.

"அப்போ... எங்க வீட்டைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலீங்களா?"

"சொல்ல என்ன இருக்கு? கையில தடிப்பைப் பார்த்துட்டு நான்தான் கேட்டேன். கதவுல இடிச்சுக்கிட்டாள்னு அண்ணி டீச்சர் சொன்னாங்க. இப்ப பரவாயில்லையா?"

கொழுந்தன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அவன் கண்கள் நிறைந்துவிட்டன. இருபத்திரண்டு வருடத்தில் அப்படி அவன் அவளைப் பார்த்ததே இல்லை. அதோடு முடிந்திருந்தால் எல்லோருக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

"கதவு இல்லையே, அண்ணி," என்றாள் வாண்டு. "நீங்க பார்த்தீங்களே..."

அண்ணி கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டாள்.

"ஆமா டீச்சர். நான் பார்த்தேன். இவங்கப்பா ஸ்கேலால அடிச்சாரு. வீட்டுப் பேரு கெட்டுடுமேன்னு நான் பொய் சொன்னேன்."

அவன் கத்துவான் என்று நினைத்தாள். அவன் சுவரில் கை ஊன்றிக்கொண்டான்.

"நான்தான் அடிச்சேன்," என்றான், ஆசிரியையைப் பார்க்காமல். "அண்ணி மேல ஒரு தப்பும் இல்லீங்க."

"பொய் சொன்னது தப்புத்தான்," என்றாள் அண்ணி.

ஆசிரியை இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இதை நான் எழுதி வைக்கணும். சாயங்காலம் ரெண்டு பேரும் இருந்து பேசிட்டுப் போங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அண்ணி..." அவன் குரல் உடைந்தது. "பன்னெண்டு வயசுலேர்ந்து எனக்குச் சோறு போட்டவங்க நீங்க... உங்களைப் போய் நான்..."

"என்னை விடு. நீ பேசறதும் நான் கேட்டுக்கறதும் பழகிப்போச்சு. பழக விட்டது என் தப்பு." அவள் குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை. "இன்னொரு தடவை இவ மேல கை வச்சே, யாரு கேட்டாலும் சொல்லுவேன். கேட்காட்டியும் சொல்லுவேன். வேலையை விடமாட்டேன்னு உங்க அண்ணன்கிட்டயும் சொல்லிடு."

"மன்னிச்சிடுங்க அண்ணி."

"எங்கிட்ட எதுக்குக் கேக்கற? அடி வாங்கினவ அங்க நிக்கறா."

அவன் மெதுவாக மண்டியிட்டான். வாண்டு அவனை உற்றுப் பார்த்தாள்.

"வலிக்கும்னு உங்களுக்குத் தெரியாதாப்பா?"

"தெரியும்மா."

"தெரிஞ்சேவா?"

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஓடிப்போய் அவன் தலையைத் தடவிக்கொடுக்க அண்ணியின் கை பரபரத்தது. அவள் போகவில்லை. பதில் சொல்ல வேண்டியவன் அவன். உள்ளே பிள்ளைகள், "அண்ணி டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். அவள் கண்களைத் துடைத்துக்கொண்டு, வகுப்புக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.