இரண்டு நாள் ஆப்சென்ட்

காவல் நிலையத்துத் தொலைபேசி அலறியது.

காலை மணி எட்டாகச் சில நிமிடங்களே இருந்தன. ஏட்டு தேநீரை உதட்டருகே கொண்டுபோயிருந்தார். அப்படியே வைத்தார்.

"ஹலோ... ஸ்டேஷன்!"

"சார், பிளாக் இரண்டு, மூணாவது மாடி. மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ரெண்டு நாளா ஆப்சென்ட்!"

"ஆப்சென்ட்டா? இது ஸ்கூல் இல்லைங்க!"

"ஆறு பத்துக்கு ஜன்னல் திறக்கணும். திறக்கலை. ஆறு இருபத்தஞ்சுக்குப் பல்லு விளக்கணும். விளக்கலை. ஏழு நாற்பதுக்குக் கதவைப் பூட்டி, பூட்டை மூணு தடவை இழுத்துப் பாக்கணும். இழுக்கலை!"

"நீங்க அவருக்குச் சொந்தமா?"



"வேண்டப்பட்டவன்..." என்ற குரல், தொடர்பைத் துண்டித்துக்கொண்டது.

வேண்டப்பட்டவர்தாம்! வாசகர்களிடம் மறைப்பானேன்? அன்று மாலை ஆறு நாற்பதுக்கு அந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரைக் கொல்லவிருந்தவரே அவர்தாம்!

ஆசாமி ஓர் ஆலையின் டைம் கீப்பர். வாயிலருகே ஒரு மரக்கூண்டில் இருபத்திரண்டு ஆண்டுகளாக அமர்ந்து, யார் எத்தனை நிமிடம் தாமதம் என்று சிவப்பு மையால் குறித்துக்கொண்டிருந்தார். கடிகாரம்கூடச் சில சமயம் நின்று இளைப்பாறும். இவர் இளைப்பாறியதில்லை. தொழிலாளர்கள் அவருக்கு வைத்த பெயர், முள்ளு.

முள்ளு இதுவரை ஐவரைக் கொன்றிருந்தார்.

ஐந்தும் காவல்துறைக் கணக்கில் விபத்தோ இயற்கை மரணமோதான்!

பணத்துக்காகக் கொன்றார் என்று எண்ண வேண்டாம். பகையும் அன்று. மணி தவறாமல் வாழும் தனிக்கட்டைகளைக் கண்டால் அவருக்கு ஓர் ஆசை. முப்பத்தொன்பது நாள் பின்தொடர்ந்து, அவர்களுடைய அன்றாட வாழ்க்கையைக் கட்டம் கட்டமாக நோட்டில் எழுதுவார். நாற்பதாம் நாள், கடைசிக் கட்டத்தைத் தம் கையாலேயே நிரப்புவார்!

அப்படிப்பட்டவர் ஏன் போலீசுக்குப் பேசினார்?

ஆலையில் ஒரு விதி உண்டு. எவரேனும் சொல்லாமல் இரண்டு நாள் வராவிட்டால், மூன்றாம் நாள் காலை எட்டு மணிக்குள் டைம் கீப்பர் மேலிடத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகளாக அவருடைய கை அதைச் செய்து பழகியிருந்தது. இன்று அவருக்கு வார விடுமுறை; வராத ஆளும் ஆலைத் தொழிலாளி அல்லர்.

கைக்கு அது தெரியவில்லை!

---

கதவை உடைத்தார்கள்.

குளியலறைத் தரையில் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. நாக்கு வறண்டிருந்தது. ஆனால் உயிர் இருந்தது!

"இன்னும் அரை நாள் போயிருந்தா ஆள் இல்லை..." என்றார் மருத்துவர்.

பத்தரை மணிக்கு, நன்றி சொல்வதற்காக முள்ளுவின் வீட்டு அழைப்புமணியை அழுத்தினார் பெண் இன்ஸ்பெக்டர். பின்னால் ஏட்டு.

முள்ளுவின் முகம் சுண்டியது.

"எ... எப்படி என்னைக் கண்டுபிடிச்சீங்க?"

"உங்க நம்பர்தான் ஸ்கிரீன்லயே வந்துச்சே சார்!" என்றார் ஏட்டு.

கொலைக்கு நாற்பது நாள் திட்டமிடுகிறவர், தொலைபேசிக்கு நாற்பது விநாடிகூட ஒதுக்கவில்லை!

"உங்களை மாதிரி ஆளுங்க நாலு பேர் இருந்தா எங்க வேலை பாதி குறைஞ்சிடும்!" இன்ஸ்பெக்டர் கைகுலுக்கினார். "ஆனா, பல்லு விளக்கற நேரம்கூட எப்படி சார் தெரியும்?"

"அது... சும்மா... கண்ணுல பட்டது..."

"சும்மாவா?" உள்ளிருந்து பெருமை பொங்க வந்தாள் மனைவி. "நாற்பது நாளா எதிர் பிளாக்கைப் பாத்துக்கிட்டு ஜன்னலை விட்டு நகரலை மேடம்! எல்லாம் நோட்டுல இருக்கு. பீரோ மேல ஆறு நோட்டு. நான் தூசி தட்டறதோட சரி. இருங்க, எடுத்துட்டு வர்றேன்!"

"அதெல்லாம் எதுக்கும்மா? வேணாம்!"

"நீங்க சும்மா இருங்க. ஒருத்தர் பாராட்ட வந்தா உங்களுக்கு ஆகாதே!"

ஆறு நோட்டுகளும் மேசைமீது வந்து அமர்ந்தன.

இன்ஸ்பெக்டர் புன்னகையோடு இரண்டாவதைப் புரட்டினார். அட்டையில், 'நூலகர் அம்மாள்' என்றிருந்தது. கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது புன்னகை உதிர்ந்தது.

'நாற்பதாம் நாள். பிற்பகல் 3.15. மாடிப்படி. முடிந்தது.'

அந்த மரணத்தை, கால் தவறி விழுந்ததாக எழுதிக் கையெழுத்துப் போட்டு மூடியவர் இந்த இன்ஸ்பெக்டரேதான்!

"இந்த அம்மா எப்போ செத்தாங்கன்னு எங்க டாக்டராலயே சொல்ல முடியலை..." இன்ஸ்பெக்டரின் குரல் தணிந்தது. "ஞாயித்துக்கிழமையா இருக்கலாம்னு குத்துமதிப்பா எழுதினோம்."

"தப்பு மேடம்! சனிக்கிழமை!"

சொல்லிய பிறகே நாக்கைக் கடித்துக்கொண்டார் முள்ளு.

ஏட்டு மெதுவாகக் கதவருகே நகர்ந்து, வழியை அடைத்து நின்றார்.

"என்னங்க..." மனைவி நோட்டை எட்டிப் பார்த்தாள். "முடிஞ்சதுன்னு எழுதியிருக்கே... என்னங்க முடிஞ்சது?"

விலங்கு பூட்டப்பட்டது. முள்ளு பழக்கதோஷத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, "பத்து நாற்பத்திரண்டு..." என்று முணுமுணுத்தார்.

"பாவி மனுஷா! என்னையும் எழுதி வெச்சிருக்கீங்களா?"

"உன்னையா? ஒரு நாள் ஆறு மணிக்கு எழுந்திரிப்பே, ஒரு நாள் ஒன்பதுக்கு. உன்னை எந்தக் கட்டத்துல எழுதறது?"

"நல்லவேளை... சோம்பேறியாப் பொறந்தேன்!" என்று தலையில் கைவைத்து அமர்ந்தாள் மனைவி.

---

மருத்துவமனைக் கட்டிலில், காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தார் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்.

"அந்த மகராசனைப் பாத்தீங்களா மேடம்? நேர்ல நன்றி சொல்லணும்!"

இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.



"இன்னைக்குச் சாயங்காலமா... என்னையா?"

"ஆமா. நீங்க வழுக்கி விழாம இருந்திருந்தா, இன்னைக்குதான் உங்களுக்குக் கடைசி நாள்."

"ரெண்டு நாள் கத்தினேன் மேடம். பக்கத்து வீட்டுக்காரர் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சார். மேல் வீட்டம்மா, சும்மா இருக்க மாட்டீங்களான்னு தரையைத் தட்டினாங்க. என் கூடப்பொறந்த தம்பி போன் அடிச்சிருக்கான். எடுக்கலைன்னதும், அண்ணனுக்குத் திமிருன்னு விட்டுட்டானாம். ரெண்டு நாளா கடை திறக்கலையேன்னு ஒருத்தர்கூடத் தேடலை..."

"அதெல்லாம் அப்புறம் பேசலாம் சார். உங்களைக் கொல்லப் பாத்திருக்கான். ஒரு புகார் எழுதிக் கொடுங்க."

இன்ஸ்பெக்டர் நீட்டிய பேனாவை வாங்கிக்கொண்டார். காகிதத்தின்மீது வைத்தார். எடுத்தார்.

"தாராளமாத் தர்றேன் மேடம்... யார் மேலன்னு மட்டும் நீங்களே சொல்லிடுங்க!"