தசரதன் வீட்டு நிசப்தம்

திருவண்ணாமலையில் மௌனத்துக்கும் விலை உண்டு. செங்கம் ரோட்டில் சத்தமில்லாத அறை வேண்டுமென்றால் நாளுக்கு முன்னூறு ஜாஸ்தி. ஆனால் அடி அண்ணாமலையில் தசரதன், எங்கள் படப்பிடிப்புக்கு ஒரு முழு வீட்டையே நாளுக்கு எண்ணூறுக்கு விட்டார். வியாபாரி வீட்டுப் பிள்ளையான எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். இவ்வளவு சுலபமாக இறங்கி வருகிறவர், சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார்.

கிரிவலப் பாதையில் கடை வைத்திருந்த அவர், பூட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தார். ஆளில்லாத கூடத்தில் ரேடியோ ஒன்று பாடிக்கொண்டிருந்தது.

"எதுக்குண்ணா இது?" என்றாள் கவிநிலா.

"அது பாட்டுக்கு இருக்கட்டும்மா. அணைச்சீங்கன்னா பேசிக்கினே இருங்க. சும்மா மட்டும் இருக்காதீங்க."

"இவன் கூட வந்திருக்கான். சும்மா இருக்க விட்டுடுவானா?" என்று என்னைக் காட்டினாள்.

கவிநிலா என் வகுப்புத் தோழி. எங்கள் குறும்படத்தின் இயக்குநர். போன முறை குறும்படப் பாடத்தில் தோற்றவள். சென்னையில் ஒரு சேனல் வேலை அவளுக்காகக் காத்திருந்தது. படம் தேறினால்தான் பட்டம், பட்டம் வந்தால்தான் வேலை.

படப்பிடிப்பு முடிந்ததும் ரேடியோவை அணைத்தோம். அசையாமல் நின்று, அந்த வீட்டின் நிசப்தத்தை ஒரு நிமிடம் பதிவு செய்தோம். வசனத்தை வெட்டி ஒட்டும்போது இடையில் காது அடைத்தாற்போல் ஓட்டை விழும். அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் போட்டுத்தான் அதை அடைக்க வேண்டும். யூடியூபில் கற்ற வித்தை.

பிறகு வேங்கிக்காலில் என் மாடி அறை, உச்சி வெயில். மாலைக்குள் படத்தைக் கொடுத்தாக வேண்டும். எடிட்டிங் இருவருக்கும் புதிது. அந்த ஒரு நிமிடத்தையே ஏழு நகல் எடுத்து ஏழு ஓட்டைகளிலும் போட்டோம்.

ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"டேய், முதல் இடத்துல யாரோ மூச்சு வுடறாங்க."

"நான்தான். இந்தத் தொப்பைய வெச்சிக்கிட்டு எவ்ளோ நேரம் அடக்கறது?"

"நீ வாசல்ல நின்னே. இது உள்ரூம்ல."

வாங்கிக் கேட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம், ஈரமான மூச்சு.

இரண்டாவது நகலில் அது கூடத்துக்கு வந்திருந்தது.

நகல் எப்படி மாறும்?

ஐந்தாவதில் கால் தேய்க்கும் ஓசை. ஏழாவதில், என் இடது காதருகே யாரோ உதட்டைப் பிரித்தார்கள்.

"எடுத்துத் தொலைடா," என்று கிசுகிசுத்தாள். "ஓட்டையோடவே குடுத்துடலாம்."

கடைசியிலிருந்து ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் வெளியே ஒரு சத்தம் நின்றுபோனது. தெருவில் போன பஸ். பக்கத்து வீட்டுக் குக்கர். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அதன் சத்தம் மட்டும் இல்லை.

நனைந்த சாக்கின் வாடை.

ஏழும் போயிற்று. ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது. ஆனாலும் மூச்சு கேட்டது.

எங்களுக்குப் பின்னால்.

"திருப்பிப் போடு! படத்துக்குள்ளயே கெடக்கட்டும்!"

அழித்ததை மீட்கும் பொத்தானை அமுக்கினேன். குக்கர் கத்தியது. பஸ் ஹாரன் அடித்தது. ஆறு நகல்கள் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன.

ஏழாவது வரவில்லை.

விரல் நோகும்வரை அமுக்கினேன். மூலப் பதிவைத் திறந்து பார்த்தேன். அந்த ஒரு நிமிடமும் வெறுமையாக ஓடியது.

கடைசி ஓட்டையை அப்படியே விட்டு, மாலையில் படத்தைக் கொடுத்தோம். தேறிவிட்டது. முடிவில் சட்டென்று விழும் அமைதி அருமையான யோசனை என்று தேர்வாளர் பாராட்டினார்.

சென்னைக்குப் போனபின் கவிநிலா ஒருமுறை போன் செய்தாள். பேச்சுக்கு நடுவே குரலைத் தாழ்த்தினாள்.

"பக்கத்துல யாருடா?"

"யாருமில்ல."

"மூச்சு கேக்குதே."

போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினேன்.

"அப்ப சரி. அது என்கூட வரலைன்னு தெரிஞ்சுதே," என்று வைத்துவிட்டாள்.

கணக்கு இதுதான். அழித்தது ஏழு. படத்துக்குள் திரும்பியது ஆறு. பாக்கி ஒன்று என் இடது தோளுக்குப் பின்னால் நிற்கிறது.