அறுபத்தாறாவது வரி

டாக்டர் கையெழுத்துக்கும் கீழே, எதுவுமே அச்சாகக் கூடாத வெற்று ஓரத்தில், 'கட்டில் 9' என்று இருந்தது.

மாடிப்படிக்கு அடியில் ஜன்னலே இல்லாத அந்த ஆஸ்பத்திரி அலுவலகத்தில், பினாயில் வாடையும் சூடேறிய ரிப்பன் மையின் வாடையும் மூக்கில் ஏற, கிளார்க் அந்த இறப்புப் படிவத்தையே முறைத்தாள். பக்க நீளம் அறுபத்தாறு வரி, அதில் கடைசி ஆறு வரி காலி ஓரம் என்று காலையில் அவளேதான் பிரிண்டரில் அமைத்திருந்தாள். கம்ப்யூட்டரிலும் அப்படி ஒரு வரி இல்லை. ஆனாலும் கிழிக்கிற துளைக்கோட்டை ஒட்டி, அறுபத்தாறாவது வரியில், அது அழுத்தமாக விழுந்திருந்தது.

"ஓட்டை மிஷின என் தலையில கட்டிட்டு, மனுஷன் ஏசி ரூம்ல உக்காந்திருக்கார்" என்று மேனேஜரைத் திட்டியபடி அதைக் கசக்கி எறிந்தாள்.

பத்து நிமிஷத்தில் நர்ஸ் இறங்கி வந்தாள். "அக்கா, ஒன்பதாம் கட்டில் போயிட்டாரு. நல்லாத்தான் இருந்தாரு, பல் விளக்கிட்டு இருந்தவரு."

அவருக்கான இறப்புப் படிவத்தை அடித்தாள். அடியில் 'கட்டில் 10'. கையிலிருந்த டீ ஆறுவதற்குள் நர்ஸ் மறுபடியும் வந்தாள். பத்து விரலையும் விரித்துக் காட்டிவிட்டு அழுதாள்.

பதினொன்றாம் கட்டிலில் கிளார்க்கின் தங்கை. குடல்வால் ஆபரேஷன் முடிந்து நாளைக்கு வீட்டுக்கு வர வேண்டியவள். காலையில்கூட தலையணை சரியில்லை என்று அக்காவிடம் மல்லுக்கு நின்றவள். பத்தாம் கட்டிலுக்குப் படிவம் அடித்தால், அடியில் என்ன விழும் என்று கிளார்க்குக்குத் தெரிந்துவிட்டது. பயத்துக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

மேனேஜர் வந்தார். "சொந்தக்காரங்க பாடிக்காக வாசல்ல நிக்கிறாங்க. ஃபாரம் எங்கம்மா?"

"கையால எழுதித் தரேன் சார்."

"அச்சுல மூணு காப்பி வேணும். இத்தனை வருஷமா தெரியாதா?"

"மேல என் தங்கச்சி இருக்கா சார்!"

"அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? எந்திரிங்க, நானே அடிக்கிறேன்."

அவர் கையை வெடுக்கென்று தட்டிவிட்டாள். பக்க நீளத்தை அறுபதாகக் குறைத்தாள். அறுபதோடு பக்கம் முடிந்துவிடும். அறுபத்தாறாவது வரியே இல்லாதபோது எங்கே வந்து உட்காரும் சனியன்?

"இப்ப அடி, பாக்கலாம்" என்றாள் பிரிண்டரிடம்.

பிரிண்டர் கரகரத்தது. அறுபது வரி ஓடி நின்றது. அடி ஓரம் சுத்தம். அவள் சத்தமாகவே சிரித்தாள்.

பிறகுதான் கண்ணில் பட்டது. பக்கத்தைக் குறைத்தாளே ஒழிய, தாள் குறையவில்லை. ஆறு வரி வெள்ளை அப்படியே பிரிண்டர் வாயில் நின்றது. பிரிண்டருக்கு அது இப்போது ஒரு புதுப் பக்கம்.

அச்சுத்தலை இடது ஓரத்துக்கு வந்தது.

'கட்டில்'.

சுவிட்சைத் தட்டினாள். நிற்கவில்லை. தாளை இழுத்தாள். வரவில்லை. உள்ளங்கையை உள்ளே திணித்தாள்.

"என் மேல அடி! அவ மேல அடிக்காத!"

அச்சுத்தலையின் ஊசிகள் சதையில் இறங்கின. ஒன்று. ஒன்று. கை மரத்தது. அப்புறம் தோள். அப்புறம் நெஞ்சு.

மேனேஜர் தரையில் மண்டியிட்டிருந்தார். நர்ஸ் யாருடைய நாடியையோ பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டினாள். அது தன் மணிக்கட்டு என்று புரிந்தபோதும் கிளார்க்குக்குத் துக்கம் வரவில்லை. போகட்டும். அந்த எண் தாளில் விழவில்லை. தங்கை வீட்டுக்குப் போவாள்.

மேனேஜர் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். "ஃபாரம் இல்லாம பாடிய நகர்த்தக் கூடாது. மொதல்ல இவங்களுக்குப் போட்டுடறேன்."

பக்க நீளத்தை மறுபடி அறுபத்தாறாக்கினார். புதுப் படிவத்தைப் பொருத்தினார்.

அவள் கத்தினாள். கையால எழுதுய்யா. பாவி, கையால எழுது. அவர் முகத்தில் அறைந்தாள். அவர் கொசு உட்கார்ந்த மாதிரி கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

அவள் பெயர் அச்சாகியது. வயது. நேரம். டாக்டர் கையெழுத்துக்கான கோடு.

தாள் மெதுவாக மேலே ஏறியது. வெள்ளை ஓரம்.

'கட்டில்'.

1.

அதன் பக்கத்தில், இன்னொரு 1.